தேனீ என்றோர் எழுத்துரு

கடிதம் எழுதும் வழக்கம் நம் இல்லங்களில் அருகிப்போயிற்றே என்று சென்ற மாதம் இத்திண்ணையில் அமர்ந்து சற்றே நீளமாகப் புலம்பியிருந்தேன். அதனைப் படித்த காரைக்கால் சகோதரி ஒருவர் மறுப்பு எழுதியுள்ளார். 'தாங்கள் கூறுவது பாதி உண்மை. என் கையெழுத்து கோணல் என்று என் உடன்பிறந்தார் சிறு வயதில் நகைத்ததால், முப்பது ஆண்டுகளாக எந்த இதழுக்கும் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது இதனை அடுப்படியில் நின்றுகொண்டு, கைபேசியில், ஒரு விரலால் எழுதுகிறேன்' என்பது அவருடைய மறுப்பின் சாரம். மூன்று பக்கக் கடிதம். பிழைகள் இருந்தன, ஆயினும் முழுவதும் தமிழெழுத்து.

சகோதரிக்குப் பதில் எழுத அமர்ந்தபோதுதான், நான் வெட்கப்படவேண்டிய ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அவருடைய விரலுக்கும் என்னுடைய கண்ணுக்கும் இடையே இந்தத் தமிழ் இத்தனை எளிதாக வந்து சேர்வதற்கு உழைத்தவர்களுள் ஒருவர் நம்மவர்; நம் கடற்கரையைச் சேர்ந்தவர். அவருக்கு என் குடும்பம் பட்ட கடன் பெரிது. இவ்வளவு ஆண்டுகள் இப்பக்கத்தை நிரப்பியும் அவர் பெயரை நான் ஒரு முறையேனும் குறிப்பிட்டதில்லை. மர்ஹூம் உமர்தம்பி அவர்களைச் சொல்கிறேன்.

கடன் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு எங்கள் வீட்டுக் கதை சிறிது வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு புதுவையில் முல்லா வீதிப் பக்கம். வாப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுவைப் பேச்சில் 'சொல்தா'. 1962 ஆகஸ்டில் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். வாப்பா எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையொப்பத்தினால் பின்னாளில் என் நானா பாரிஸ் நகருக்குப் பிழைக்கப் போனார். நானும் போகவேண்டியவன்தான். உம்மாவைத் தனியே விட மனமின்றி இங்கேயே ஒரு காகிதக் கடை வைத்துக்கொண்டேன்.

கடிதம் என்பது எங்கள் குடும்பத்தில் எப்போதுமே பெண்களின் சொத்து. என் பாட்டியாருக்குத் தமிழெழுத்து தெரியாது. அவருக்குத் தெரிந்தது அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டனார், தமிழெழுத்தில் நன்றாக எழுதக்கூடியவராயிருந்தும், மனைவிக்கு மட்டும் அரபுத்தமிழிலேயே எழுதுவாராம். வேறு எவர் உதவியுமின்றி அவரே படிக்கவேண்டும் என்பதற்காக. உம்மாவின் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. அவர் காரைக்காலில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டி அல்ல, ஓட்டமாகவே வாசிப்பார். நானா போன புதிதில், மாதம் இரண்டு விமானத் தபால்கள் தவறாமல் வந்தன. அவற்றை வாங்கியதும் உம்மா நேரே மாடிக்குப் போய்விடுவார். கீழே இறங்கி வரும்போது கடிதத்தில் எவ்வளவு எங்களுக்குச் சொல்லத்தக்கது என்பதை அவரே முடிவு செய்திருப்பார்.

பிறகு மின்னஞ்சல் வந்தது. 2001, 2002 என்று நினைவு. நேரு வீதியை ஒட்டி இணைய மையங்கள் தோன்றின. நானாவுக்கும் அங்கே வேலைப்பளு. தபாலுறை வாங்கி, எழுதி, ஒட்டி, அஞ்சலில் சேர்க்க நேரமில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பத் தொடங்கினார். நான் மையத்திற்குப் போய் அதைத் தாளில் அச்செடுத்து வந்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அன்று முதல் உம்மாவுக்குக் கடிதம் என்று ஒன்று இல்லாமற்போயிற்று. நான் சொல்லும் செய்திதான் இருந்தது. அதிலும் எனக்கு வேண்டாதவற்றை நான் விட்டுவிடுவேன். ஒருநாள் உம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, "நடுவுலே ஒரு வரிய தாண்டிட்டியே, தம்பி" என்றார். நான் இல்லையென்று சாதித்தேன்.

2003-ல் அந்தத் தவறு நிகழ்ந்தது. நானா கிடங்கு ஒன்றில் சுமை ஏற்றும் வேலையில் இருந்தார். முதுகில் அடிபட்டு அறுவை நடந்திருந்தது. சில வாரங்கள் கழித்து வந்த மின்னஞ்சலில், வேலைக்கு இப்போது வரவேண்டாம் என்கிறார்கள் என்று ஒரு வரி. அடுத்த வரியை நான் 'வலி தெரியவில்லை, உம்மாவிடம் சொல்' என்று வாசித்தேன். நல்ல செய்தியல்லவா! ஓய்வு கொடுத்திருக்கிறார்கள், வலியும் நீங்கிவிட்டது. உம்மா இரண்டு ரக்அத் ஷுக்ராகத் தொழுதார். தெருவில் உள்ள வீடுகளுக்குப் பாயசம் போயிற்று. நானும் மகிழ்ச்சி தெரிவித்து இரண்டு வரி பதில் அனுப்பினேன்.

மூன்று வாரம் சென்று, பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் நானா அழைத்தார். குரல் உடைந்திருந்தது. அவர் எழுதியது 'வழி தெரியவில்லை' என்று. வேலை போய்விட்டது, வீட்டு வாடகை நிற்கிறது, மேலே செய்வதறியாமல் உம்மாவின் துஆவையும் என்னிடமிருந்து கொஞ்சம் பணத்தையும் எதிர்பார்த்து எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் ழகரம் ஏது? அவர் லகரத்துக்குரிய எழுத்தையே இட்டிருந்தார். வழியும் வலியும் ஒரே உருவில் வந்து நின்றன. நான் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். தம் துயரத்துக்குப் பதிலாக வந்த என் வாழ்த்தை அவர் எப்படிப் படித்திருப்பார் என்பதை இன்றும் நான் எண்ணிப் பார்க்க அஞ்சுகிறேன். உம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியுமே" என்று மட்டும் சொன்னார்.

ஏன் தமிழிலேயே எழுதவில்லை என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். அன்று அது எளிதாயிருக்கவில்லை. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். தமிழ் அன்பர்கள் செய்த தொடக்ககால எழுத்துருக்கள், ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் ஒதுக்கியிருந்த எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. ஒருவர் ககரத்தை ஓரெண்ணில் வைத்தார். இன்னொருவர் வேறோர் எண்ணில் வைத்தார். ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. எழுதியவரிடம் உள்ள அதே எழுத்துரு படிப்பவரின் கணினியிலும் இருந்தாலன்றி, தமிழ் வராது. கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தாம் திரை முழுதும் சிதறிக் கிடக்கும்.

இக்குழப்பத்திற்கு மருந்தாக வந்ததே யுனிகோடு என்னும் ஒருங்குறி. உலக மொழிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் ஏற்பாடு அது. 1991-ல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அகரத்திற்கு 2949, ககரத்திற்கு 2965. அவை வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியவையல்ல. ஆயினும் ஏட்டில் இடம் கிடைத்ததே தவிர, நாட்டில் நடப்புக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு ஒன்று உடன் வந்தது. நம் ஊர் இணைய மையங்களிலோ விண்டோஸ் 98 வகைக் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருங்குறியில் எழுதிய தமிழ்ப் பக்கத்தை அவற்றில் திறந்தால் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியும். கட்டத்தை யார் படிப்பார்? படிப்பவர் இல்லாத எழுத்தில் யார் எழுதுவார்? அறிஞர்கள் ஒருங்குறியே சிறந்தது என்று கட்டுரை வரைந்துகொண்டிருந்தார்கள். சாதாரண மனிதன் கட்டங்களைப் பார்த்துவிட்டு ஆங்கில எழுத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தான்.

உமர்தம்பி கை வைத்தது இந்த இடத்தில்தான்.

அவர் 1953 ஜூன் 15-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். அவ்வூர்க் காதிர் முகைதீன் கல்லூரியில் விலங்கியல் பயின்றார். கணினிப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். மின்னணுக் கருவிகளில் இளமையிலேயே ஆர்வம் மிகுந்து அத்துறையைக் கற்றுக்கொண்டார். நம்மூர் இளைஞர்கள் பலரைப் போல அவரும் துபாய் சென்று நெடுங்காலம் உழைத்தார். கணினியியலைத் தம் முயற்சியால் அங்கே கற்றுக்கொண்டார். பிறகு ஊர் திரும்பி, அதிராம்பட்டினத்தில் இருந்தபடியே, உலகெங்கும் சிதறியிருந்த தமிழார்வலர்களின் மடலாடற்குழுக்களில் இணைந்து வேலை செய்தார். அதிராம்பட்டினம் எங்கே, அன்று கணினித் தமிழ் பேசிக்கொண்டிருந்த சிங்கப்பூரும் கலிபோர்னியாவும் எங்கே!

அவர் உருவாக்கிய எழுத்துருக்களில் பெயர் பெற்றது 'தேனீ'. 'வைகை' என்று இன்னொன்றும் உண்டு. தேனீயை இயங்கு எழுத்துருவாக ஆக்கிக் கொடுத்ததுதான் அவர் செய்த பேருதவி. அதன் நுட்பத்தை எளிமையாகச் சொல்கிறேன். பொதுவாக, படிப்பவரின் கணினியில் எழுத்துரு இருக்கவேண்டும். இயங்கு எழுத்துருவிலோ, எழுதியவரின் இணையப்பக்கமே எழுத்துருவையும் சுமந்துகொண்டு வரும். விருந்துக்கு வருபவர் உட்காரும் பாயையும் தாமே கொண்டுவந்து விரிப்பதைப் போல! படிப்பவர் எதையும் தேட வேண்டியதில்லை, நிறுவ வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு மைக்ரோசாஃப்ட் உலாவியில் மட்டுமே வேலை செய்தது என்பது குறைதான். எனினும் இணைய மையங்களில் அன்று பெரும்பாலும் இருந்தது அந்த உலாவியே. ஆகவே கட்டங்கள் தெரிந்த அதே பழைய கணினியில், தேனீயைச் சுமந்துவந்த பக்கங்களில் மட்டும் தமிழ் தமிழாகத் தெரிந்தது.

அதை நான் கண்ணால் கண்ட நாள் நினைவிருக்கிறது. நான் வழக்கமாகப் போகும் மையத்தில் இருந்த பையன், "பாய், இங்க வந்து பாருங்க. எதையும் ஏத்தலை, தானா தமிழ் வருது" என்று கூப்பிட்டான். யாரோ ஒருவர் தம் ஊர்க்குளத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கம். முழுதும் தமிழ். எழுத்து சற்றுப் பட்டையாக, அச்சுக்கூடத்து ஈய எழுத்தைப் போலன்றி வேறொரு சாயலில் இருந்தது. அழகு என்று சொல்லமாட்டேன், தெளிவு. எழுத்துருவின் பெயர் தேனீ என்று பையன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். அதைத் தனியே இறக்கிக்கொள்ளவும் முடியும், விலை எதுவும் இல்லை என்றான். மைய உரிமையாளரிடம் கேட்டு ஒரு கணினியில் மட்டும் அதை நிறுவிக்கொண்டோம்.

எழுத்துரு மட்டுமன்று. ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்படி தட்டினால் தமிழாக மாறும் எழுதுகருவி ஒன்றையும், பழைய எழுத்துருக்களில் கிடந்த கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியையும் அவர் செய்து அளித்தார். ஒருங்குறி என்றால் என்ன, ஏன் அதற்கு மாறவேண்டும் என்று தொடராகவும் எழுதினார். ஐயம் கேட்டவர்களுக்குச் சலிக்காமல் விடை எழுதினார் என்று அக்குழுக்களில் இருந்தவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாமே இலவசம். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய ஒரு குடும்பத் தலைவர், விற்கக்கூடிய பொருளை விற்காமல் கொடுத்தார் என்பதன் கனத்தை, அத்தகைய குடும்பங்களில் வாழும் நம் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இதையெல்லாம் அவர் ஒருவரே செய்தார் என்று எழுதினால் அது அநீதி. 1990-களிலேயே தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டு 1999-ல் மறைந்த சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்திலிருந்தபடி மயிலை எழுத்துருவை வழங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முரசு முத்து நெடுமாறன், எ-கலப்பை தந்த முகுந்த் முதலானோர் உழுத நிலம் இது. உமர்தம்பி அந்நிலத்தின் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டு சேர்த்தவர். கடைமடை விவசாயிக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் கடைமடைக்காரன்.

நானாவுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். அவருடைய கணினி புதியது, சிக்கல் இல்லை. எழுதுகருவியைப் பழகிக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. 2005-ல் ரமளானுக்குச் சற்று முன்பு முதல் தமிழ்க் கடிதம் வந்தது. மையத்தில் அச்செடுத்தேன். வழி நெடுகிலும் அதைப் படிக்கவேண்டும் என்ற துடிப்பு இருந்தது; படிக்கவில்லை. நான்காக மடித்துக் கொண்டுபோய் உம்மாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டார். முட்டி வலியால் மாடிப்படி ஏறுவதை நிறுத்தி இரண்டு ஆண்டுகளாகியிருந்தும், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அஸருக்குப் போனவர் மஃரிபு பாங்கு கேட்ட பிறகே இறங்கி வந்தார். என்ன எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அவனுக்குப் பதில் எழுதணும், நான் சொல்லச் சொல்ல எழுதாதே, நானே எழுதித் தர்றேன், அப்படியே தட்டி அனுப்பு" என்றார்.

அடுத்த ஆண்டு, 2006 ஜூலை 12 அன்று உமர்தம்பி காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 53. அச்செய்தி அன்று எனக்குத் தெரியாது. தேனீயைச் செய்தவர் யார் என்றே நான் கேட்டிருக்கவில்லை. எங்கோ பெரிய நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் எவரோ செய்தது என்று நினைத்திருந்தேன் போலும். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டுடன் இணைந்து நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கிற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள் என்ற செய்தியைப் படித்தபோதுதான், தேனீ, அதிராம்பட்டினம், உமர்தம்பி என்ற மூன்றும் ஒரு வரியில் என் கண்ணில் பட்டன. அதிராம்பட்டினம் காரைக்காலுக்குத் தெற்கே சில மணி நேரப் பயணம். உம்மாவின் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு அவ்வழியே பலமுறை போயிருக்கிறேன். அவர் உயிரோடிருந்த நாள்களில், ஒருவேளை அவர் வீட்டுக்குச் சில தெருக்கள் அப்பால் நான் பேருந்துக்குக் காத்திருந்திருப்பேன். ஒரு வரி எழுதியிருக்கலாம். அவர் செய்த எழுத்திலேயே எழுதியிருக்கலாம்.

இன்று தேனீ தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். எந்தக் கைபேசியிலும் ஒருங்குறித் தமிழ் தானே இருக்கிறது; இயங்கு எழுத்துருவின் பழைய முறையும் மறைந்துவிட்டது. தேவை தீர்ந்த பொருளைச் செய்தவரை எதற்கு நினைப்பது என்று கேட்போர் உண்டு. அவர்களைப் புதுவைப் பாரதி பூங்காவுக்கு அழைத்துப்போய், நடுவே நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தைக் காட்டுவேன். ஆயி என்னும் பெண்மணி தன் மாளிகை இடிக்கப்பட்ட இடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டினாள் என்பது வழக்கு. முத்திரையர்பாளையத்துத் தண்ணீரைப் பிரெஞ்சுக்காரர்கள் நகருக்குக் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக அந்த மண்டபம் எழுந்தது. நகரத்து வீடுகளில் இன்று எத்தனையோ குழாய்கள். மண்டபத்தை எவரும் இடிக்கவில்லை. புதுவை அரசின் சின்னத்தில் அது இருக்கிறது.

காரைக்கால் சகோதரிக்கு நான் எழுதிய பதிலில் இவ்வளவையும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தையும் கைபேசியிலேயே எழுதுங்கள், இவ்விதழுக்கு ஒரு சிறுகதையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கதை பாதி ஆகிவிட்டதாம்.

உம்மா 2012-ல் மவுத்தானார்கள். அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, மேலே நானாவின் நீலநிற விமானத் தபால்கள், அடியில் பாட்டியாருக்கு வந்த அரபுத்தமிழ்க் கடிதங்கள் இரண்டு, நடுவே துணியில் சுற்றிய கணினித் தாள்கள். தேனீயில் அச்சான அந்த முதற்கடிதமும் இருந்தது. ஜனாஸாவுக்கு வந்திருந்த நானா அதை எடுத்துப் படித்துவிட்டு மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். உமர்தம்பியைப் பற்றி நான் அவரிடம் அன்றுதான் சொன்னேன். நாற்பதாம் நாள் யாசீன் ஓதி துஆ கேட்கும்போது, உம்மாவின் பெயரோடும் வாப்பாவின் பெயரோடும் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி நானா கேட்டுக்கொண்டார். ஓதி முடித்த பின் ஹஜ்ரத், "அதிராம்பட்டினத்துக்காரர் உங்களுக்கு எந்த வகையில் சொந்தம்?" என்று வினவினார். நானாதான் விளக்கினார். முதுகில் பட்ட அடியிலிருந்து தொடங்கி, கட்டங்கள், எண்கள், எழுதுகருவி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் இரண்டு முறை வந்து போயிற்று.